வெள்ளை இலைக்கு விலை அதிகம், ஆயுள் குறைவு! - ஆவடி, அம்பத்தூர் மாடிகளில் மான்ஸ்டெரா ஆல்போ பிழைக்குமா?

பாதி இலை பச்சை. மீதி பாதி சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. தலையில் வைக்கப் பூ இல்லை, சமையலுக்கும் ஆகாது, வாசனையும் கிடையாது. ஆனால், ஒரே ஒரு இலையும் விரல் நீளத் தண்டும் உள்ள துண்டுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு மகள் ஆர்டர் போட்டுவிடுவார். கூரியர் பெட்டியைப் பிரிக்கும்போது, "இந்தக் காசுக்கு ஒரு மாச மளிகையே வாங்கியிருக்கலாமேடி" என்று அம்மா கேட்காத வீடு குறைவு.

அந்தச் செடியின் பெயர் மான்ஸ்டெரா ஆல்போ. அலங்கார இலைச் செடிகளில் 'அரிய வகை' என்ற பெயரோடு சுற்றுபவற்றில் அதிகம் ஆசைப்படப்படுவது இதுதான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் தனி வீடுகளும் மொட்டைமாடிகளும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வாசலில் குரோட்டன்ஸும் கிரில் கம்பியில் மணி பிளான்ட்டும் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். பூந்தமல்லிக்கு ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது. பூவிருந்தவல்லி என்பதுதான் பழைய பெயர். ராமாநுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பிகள் இந்த ஊரில் நந்தவனம் வைத்து, காஞ்சி வரதராஜருக்குப் பூ எடுத்துப் போனார் என்பது வைணவர்கள் சொல்லிவரும் வரலாறு. செடி ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இந்த வெள்ளை இலைதான் புதிது. இதை வாங்குவது சுலபம். முதல் கத்திரி வெயிலைத் தாண்ட வைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள்.

சேப்பங்கிழங்கின் சொந்தக்காரர்

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை, கிரில்லில் படரும் மணி பிளான்ட் எல்லாமே ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில்தான் மான்ஸ்டெராவும் வருகிறது. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான மழைக்காடுகள் அதன் சொந்த ஊர். அங்கே பெரிய மரங்களின் அடியில் முளைத்து, விழுது விட்டுத் தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். ஏற ஏற இலை பெரிதாகும், பிளவும் ஓட்டையும் விழும்.

இப்படி ஓட்டை இலையோடு மரமேறும் கொடி நமக்கும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் ராஃபிடோஃபோரா பெர்டூசா என்ற கொடி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மான்ஸ்டெரா என்றே நினைக்கத் தோன்றும். அதற்கு இன்ஸ்டாகிராமில் மவுசு இல்லை, அவ்வளவுதான்.

சேனைக்கிழங்கை அரிந்தால் கை அரிக்கும் அல்லவா? கால்சியம் ஆக்ஸலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள்தான் காரணம். மான்ஸ்டெராவின் இலையிலும் தண்டிலும் அதேதான் இருக்கிறது. கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். தவழும் குழந்தை, நாய்க்குட்டி, பூனை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை மான்ஸ்டெராவுக்கு 'டெலிசியோசா' என்று அடைமொழி. நன்றாக வளர்ந்த செடியில் காய்க்கும் பழம் சுவையானது, அன்னாசியும் வாழைப்பழமும் கலந்ததுபோல இருக்கும் என்பார்கள். ஆனால், பழுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், பழுக்காமல் சாப்பிட்டால் வாய் புண்ணாகிவிடும். தொட்டியில் வளர்ப்பவர்கள் பழத்தை மறந்துவிடலாம்.

14 லட்ச ரூபாய்க்கு ஒரு தொட்டி

2020 ஊரடங்கில் உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டவர்கள் செடி பக்கம் திரும்பினார்கள். விலை எகிறியது. 2021 ஜூனில் நியூசிலாந்தின் 'டிரேட் மீ' ஏலத் தளத்தில் ஒரு செடி 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 14 லட்சம் ரூபாய். அந்தச் செடியும் வெள்ளை கலந்த ராஃபிடோஃபோராதான். நம் மலைக்கொடியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு வகை. இத்தனைக்கும் அதில் இருந்தவை பத்துக்கும் குறைவான இலைகள்.

பிலிப்பைன்ஸில் காட்டுச் செடிகளைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கி விற்பவர்கள் பெருகி, அந்த நாட்டு அரசு எச்சரிக்கை விட வேண்டிய அளவுக்குப் போனது.

பிறகு விலை இறங்கியது. காரணம், நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. திசு வளர்ப்பு! திசு வாழைக் கன்று எப்படி ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வருகிறதோ, அதேபோல அலங்காரச் செடிகளும் ஆய்வுக்கூடத்தில் தயாராகின்றன. இளஞ்சிவப்பு இலை கொண்ட 'பிங்க் பிரின்சஸ்' பிலோடென்ட்ரான் அப்படித்தான் மலிவானது. க்ரீம் நிறப் புள்ளிகள் கொண்ட 'தாய் கான்ஸ்டலேஷன்' மான்ஸ்டெரா, தாய்லாந்தின் திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து வந்தது. அதுவும் இன்று பெரிய அளவில் உற்பத்தியாகிறது.

ஆல்போ மட்டும் அவ்வளவு சுலபமாகப் பிடி கொடுக்கவில்லை. காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது.

இரண்டு பேர் சம்பாதித்து நான்கு பேர் சாப்பிடும் வீடு

இலையின் பச்சை நிறம்தான் செடியின் அடுப்பு. பச்சையம் இருக்கும் இடத்தில்தான் வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்க முடியும். ஆல்போவின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அதாவது, அந்தப் பகுதி சமைக்காது, சாப்பிட மட்டும் செய்யும். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்து நான்கு பேரும் சாப்பிடுவதுபோல.

இதனால்தான் ஆல்போ மெதுவாக வளர்கிறது. வெள்ளை அதிகமுள்ள இலைக்கு விலையும் அதிகம். ஆனால், அது செடிக்குப் பெரும் சுமை. முழுக்க வெள்ளையாக ஒரு இலை வந்தால் வாங்கியவருக்குக் கொண்டாட்டம், போட்டோ பறக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று வெள்ளை இலைகளே வந்தால் அந்தச் செடி பட்டினி கிடக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வெள்ளை எப்படி வந்தது? ஒரே தண்டுக்குள் பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. தாவரவியலில் இதை 'கைமேரா' என்பார்கள். புதிய இலை தண்டின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து அது பச்சையாகவோ, வெள்ளையாகவோ, கலந்தோ வரும். திசு வளர்ப்பில் இந்த இரண்டு வகை செல்களும் பிரிந்துபோய், தனிப் பச்சையாகவோ தனி வெள்ளையாகவோ வந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஆல்போவைத் தண்டுத் துண்டு வெட்டிப் பெருக்கும் வழக்கம் வந்தது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும். மோசடிகளில் பாதி தானாகவே பிடிபட்டுவிடும்.

பணம் அனுப்பும் முன்...

முதலில் விதை. 'ஆல்போ மான்ஸ்டெரா விதை, பாக்கெட் 99 ரூபாய்' என்று விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள். கைமேரா வெள்ளை, விதை வழியாக நம்பகமாக வராது. பாக்கெட்டில் வருவது பச்சை மான்ஸ்டெராவாக இருந்தாலே அதிர்ஷ்டம். பெரும்பாலும் வேறு ஏதாவது விதை இருக்கும். நீல நிற விதை, வானவில் நிற விதை என்றெல்லாம்கூட விற்கிறார்கள்!

அடுத்து, தனி இலை. காம்போடு ஒரு அழகான இலையை வெட்டி அனுப்புவார்கள். தண்ணீரில் வைத்தால் வேர்கூட விடும். ஆனால், கணு இல்லாத இலையிலிருந்து புதுச் செடி வரவே வராது. மாதக்கணக்கில் அப்படியே நின்று ஒருநாள் மஞ்சளாகிவிடும். கரும்புக் கரணையில் பருவைப் பார்த்து நடுகிற அதே கணக்குத்தான். கணுவும், அதில் உறங்கும் மொட்டும் கட்டாயம் வேண்டும்.

மொட்டு இருந்தால் மட்டும் போதாது. அந்த மொட்டு இருக்கும் இடத்தில் தண்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையும் கோடு கோடாக மொட்டைத் தொட்டுக்கொண்டு போனால் நல்லது. மொட்டைச் சுற்றி முழுப் பச்சை என்றால், இப்போதுள்ள இலை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அடுத்து வருவது பச்சையாக இருக்கலாம். முழு வெள்ளை என்றால் வருகிற குருத்து பிழைப்பதே சந்தேகம். விற்பவரிடம் இலையின் போட்டோ கேட்பதைவிட, தண்டையும் மொட்டையும் வேரையும் இன்றைய தேதியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். இணையத்தில் சுட்ட படத்தை வைத்து வியாபாரம் செய்பவர் அந்த இடத்திலேயே காணாமல் போய்விடுவார்.

'பிங்க் காங்கோ' கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். இலை முழுக்க ரோஸ் நிறத்தில் மினுமினுத்த ஒரு பிலோடென்ட்ரான் சில ஆண்டுகளுக்கு முன் பெரும் விலைக்கு விற்றது. சில மாதங்களில் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் புது இலைகள் சாதாரணப் பச்சையாக வந்தன. ரசாயனம் கொடுத்து உண்டாக்கிய தற்காலிக நிறம் அது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கிறேன் என்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, செடி இறக்குமதிக்கு அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. 'பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து விடலாம்' என்பது விமான நிலையத்தில் பறிமுதலாகலாம். செடியோடு வரும் பூச்சி நம் ஊர் வயலுக்குப் போனால் அது இன்னும் பெரிய நஷ்டம்.

ஒன்றைச் சேர்த்தே சொல்லிவிடலாம். 'காற்றைச் சுத்தமாக்கும்' என்று சொல்லி விற்றால் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். 1989-இல் நாசா செய்த சோதனை மூடிய சிறு அறைப் பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அந்தப் பலன் தெரிய, நடக்க இடமில்லாத அளவுக்குச் செடி வைக்க வேண்டியிருக்கும்.

யூடியூப் லண்டனும் ஆவடி மாடியும்

பெரும்பாலான வளர்ப்பு வீடியோக்கள் குளிர்நாட்டு அடுக்குமாடிகளில் எடுக்கப்பட்டவை. ஈரப்பதம் கூட்டும் கருவி வாங்கு, தொட்டிக்கு அடியில் சூடு கொடு, ஜன்னலோரம் நல்ல வெயிலில் வை என்பார்கள். ஆவடியில் இதை அப்படியே செய்தால் செடி அவ்வளவுதான்.

நமக்கு ஈரப்பதத்துக்குப் பஞ்சமே இல்லை. வியர்த்துக் கொட்டுகிற சென்னைக் காற்று இந்தக் கொடிக்கு இஷ்டம். மார்கழிக் குளிர்கூட இதற்கு ஒன்றும் செய்யாது. பிரச்னை வெயில்தான். மழைக்காட்டில் மர நிழலில் வளர்கிற செடி இது. 20 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் சோர்ந்துபோகும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை மறந்துவிட முடியுமா?

மேற்குப் புறநகருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மெரினா பக்கம் மதியமே கடல் காற்று தொட்டுவிடும். கடலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். அதற்குள் மொட்டைமாடித் தளம் அடுப்புக்கல்போலக் காய்ந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்தச் சூடு கீழிருந்து மேலே வந்துகொண்டிருக்கும். மேலே நிழல் வலை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டிலோ, செங்கல் அடுக்கியோ தூக்கி வைத்தாலே வேருக்குப் பாதி நிம்மதி.

இடம் எது என்றால், கிழக்குப் பார்த்த பால்கனி முதல் தரம். காலை எட்டரை, ஒன்பது மணி வரை விழும் இளவெயில் நல்லது. மேற்குப் பார்த்த பால்கனியில் மாலை மூன்று மணி வெயில் வெள்ளைப் பகுதியை ஒரே நாளில் தீய்த்துவிடும். பழுப்பான இடம் திரும்ப வெள்ளையாகாது. மாடியில்தான் இடம் என்றால் 50 சதவிகிதத்துக்குக் குறையாத நிழல் வலை வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

அதற்காக ஹாலின் இருட்டு மூலையில் டிவி பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பாதி இலைதான் சமைக்கிறது என்று பார்த்தோமே, அதற்கும் வெளிச்சம் இல்லையென்றால் என்ன செய்யும்? மதிய வேளையில் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலாகவாவது விழ வேண்டும். விழவில்லையென்றால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட்டை ஒன்றிரண்டு அடி தூரத்தில் மாட்டி, தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடலாம். ஊதா நிற விளக்கு தேவையில்லை. ஏ.சி. காற்று நேராகப் படுகிற இடம் மட்டும் வேண்டாம், இலை ஓரம் காய்ந்துபோகும்.

மதியம் இரண்டு மணி டேங்க் தண்ணீர்

செடி வாடியிருக்கிறதே என்று மதியம் குழாயைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். மே மாதத்தில் அந்த நேரம் மாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதே சூடுதான் வேருக்குப் போகிறது. காலை ஆறு, ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். மறந்துவிட்டால் பக்கெட்டில் பிடித்து நிழலில் வைத்து, ஆறிய பிறகு சாயங்காலம் ஊற்றுங்கள்.

இரண்டாவது, உப்பு. இந்தப் பக்கம் பல வீடுகளில் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான். பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீர் என்றால் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் உப்புப் பூக்கும். இன்னும் மோசம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், ஆல்போவுக்கு வேண்டாம்.

பதிலாக ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அது காற்றிலிருந்து குளிர்ந்து வருவது, உப்பு மிகக் குறைவு. கோடையில் தினமும் பக்கெட் கணக்கில் வீணாகப் போகிறது. மழைக்காலத்தில் மழைத் தண்ணீரைச் சேமித்து வைத்தால் இன்னும் நல்லது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஒரு லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்தது இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அலங்காரச் செடிக்கு ஏ.சி. தண்ணீர் என்பது அந்த வகையிலும் நியாயமானது.

எப்போது ஊற்றுவது? 'தினமும் ஒரு டம்ளர்' என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. ஊதுபத்திக் குச்சியைத் தொட்டிக்குள் செருகி எடுங்கள். ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். மேல் இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால், அடியில் வழியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஆல்போ தாகத்தில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

செம்மண் வேண்டாம்

ரோஜாவுக்குப் போடுகிற செம்மண், மணல், எரு கலவையில் இதை நட்டால் மூச்சுத் திணறும். மரத்தைப் பற்றி ஏறுகிற வேருக்குக் காற்று வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கலவை பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பெர்லைட் கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். நர்சரிகளில் எல்லாமே கிடைக்கும். கோகோபீட்டையும் மட்டைத் துண்டையும் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து கழுவ மறக்காதீர்கள். அதிலும் உப்பு உண்டு.

கோடையில் மண் தொட்டி நல்லது, பக்கவாட்டில் ஈரம் கசிந்து வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். செடியைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டி போதும். 'பெரிதாக வளரப்போகிறதே' என்று முதலிலேயே அண்டா அளவுத் தொட்டியில் வைத்தால் ஈரம் காயாமல் வேர் அழுகும். நடுவில் தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். ஏறுவதற்குப் பிடிமானம் கிடைத்தால்தான் இலை பெரிதாகிப் பிளவு விழும். கம்பு இல்லாமல் தரையில் படரவிட்டுவிட்டு, 'என் செடிக்கு மட்டும் ஓட்டை வரவில்லையே' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

உரம் குறைவாகப் போதும். 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மாதம் இருமுறை. ஏப்ரல், மேயில் நிறுத்திவிடலாம். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், பால் எல்லாம் இந்தத் தொட்டிக்கு வேண்டாம், எறும்பும் கொசு மாதிரியான பூச்சியும்தான் வரும். இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் தப்பு. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை

கோடையைத் தாண்டியவர்கள் அசந்துவிடுவது இங்கேதான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நான்கு நாள் தொடர்ந்து நனைந்தால் கலவை காய வழியே இல்லை. இலையில் கரும்புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், அடித்தண்டில் கொழகொழப்பு என்று வரிசையாக ஆரம்பிக்கும். வானிலை அறிவிப்பில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்ற வார்த்தை வந்ததும் செடியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தரைத்தள வீடுகளில் தொட்டியெல்லாம் எங்கே மிஞ்சும்?

தண்டு அழுக ஆரம்பித்துவிட்டால் மருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். செடியை வெளியே எடுத்து, பழுப்பாகி நாறுகிற வேர் முழுவதையும் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெள்ளையாக உறுதியாக இருக்கிற வேரும் தண்டும்தான் மிச்சம். அரை நாள் நிழலில் காயவைத்து, புதுக் கலவையில் சின்னத் தொட்டியில் வையுங்கள். பிழைக்கிற வாய்ப்பு நிஜமாகவே உண்டு.

மழை நின்றதும் நத்தை வரும், கையால் பொறுக்குவதுதான் வழி. வெயில் காலத்தில் சிவப்புச் சிலந்தி, இலைப்பேன். வருஷம் முழுக்க மாவுப்பூச்சி, இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலம் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் எண்ணெய் வெள்ளைப் பகுதியைச் சுட்டுவிடும். முதலில் ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புதுச் செடி வாங்கினால் பத்து, பதினைந்து நாள் மற்ற செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள்.

முதலில் பச்சை, அப்புறம் வெள்ளை

ஆசைப்பட்டவரை வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால், முதலிலேயே ஆல்போவில் கை வைக்காதீர்கள். ஆல்போவின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் பச்சை மான்ஸ்டெரா ஒன்றை வாங்கி, உங்கள் வீட்டில், உங்கள் தண்ணீரில், ஒரு முழு அக்னி நட்சத்திரத்தையும் ஒரு அடைமழையையும் தாண்ட வையுங்கள். அது இலை கருகாமல் நின்றால், அதே இடத்தில் ஆல்போவும் நிற்க வாய்ப்பிருக்கிறது. பச்சையே தள்ளாடினால் வெள்ளைக்கு அங்கே வேலையில்லை. வெள்ளை நிறம்தான் ஆசை என்றால், 'மார்பிள் குவீன்' மணி பிளான்ட் எந்த நர்சரியிலும் கிடைக்கும். அதுவும் பச்சையும் வெள்ளையும் கலந்ததுதான், ஒரு வாட்டர் பாட்டிலில்கூட வளரும்.

ஆல்போ வாங்குவதென்றால் ஏப்ரல், மே கூரியரைத் தவிருங்கள். பெட்டிக்குள் வெந்துவிடும். ஜூலைக்குப் பிறகு, அல்லது ஜனவரி, பிப்ரவரியில் வரவழைக்கலாம். வந்த துண்டை ஈரமான கோகோபீட்டில் கணு லேசாகப் புதையும்படி வைத்து, மூடியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் விடும். தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

ஒன்றிரண்டு வருஷத்தில் செடி முழுப் பச்சைக்குத் திரும்பினாலோ, முழு வெள்ளையாக இலை விட ஆரம்பித்தாலோ, கத்தியை எடுக்கத் தயங்கக் கூடாது. கடைசியாக எந்தக் கணுவில் பச்சையும் வெள்ளையும் கலந்து இருந்ததோ, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். கலந்த கோட்டில் இருக்கிற மொட்டு முளைத்துத் திரும்ப இரு நிறத்தில் வரும். வெட்டிய முழு வெள்ளைத் துண்டு தனியாகப் பிழைக்காது. பச்சைத் துண்டு அப்படியல்ல, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரில் வைத்து வேர் விட்டதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். வெள்ளையைச் சுமக்காத அது, உங்கள் ஆல்போவைவிட வேகமாக அவர்கள் பால்கனியில் வளரும்.